கம்பெனிக்கு வண்டி விடுறதுக்கு முன்னாடி அவங்க கையில காசு இருக்கான்னு எப்படிப் பாக்குறது

மாதவரம், செங்குன்றம் பக்கம் வண்டி வெச்சிருக்கறவங்க நெறைய பேரு கேக்குற கேள்வி இது: "சார், பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, 120 கோடி கேஷ் வெச்சிருக்காங்களாம், நம்பி நாலு வண்டி அட்டாச் பண்ணலாமா?" பதில் என்னன்னா, அந்த 120 கோடிய மட்டும் வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. அது யாரோட காசு, எங்க இருந்து வந்துச்சு, எத்தனை நாளைக்குத் தாங்கும், இந்த மூணும் தெரிஞ்சாதான் பதில் சொல்லலாம். அத எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னுதான் இங்க எழுதுறேன். வண்டி விடுறவங்கள மனசுல வெச்சுதான் எழுதுறேன், ஆனா தம்பு செட்டி தெருவுல கஸ்டம்ஸ் கிளியரிங் பண்றவங்க, ஒரகடத்துல குடோன் வாடகைக்கு விடுறவங்க, இந்த மாதிரி கம்பெனி ஷேர் வாங்கலாமான்னு யோசிக்கறவங்க எல்லாருக்கும் இதே வழிதான்.

மொதல்ல இந்தத் தொழில்ல காசு எப்படி ஓடுதுன்னு மனசுல வாங்கிக்கணும், இல்லன்னா பேலன்ஸ் ஷீட் கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல. லோடு ஏத்துன அன்னைக்கே டீசல் போடணும், ஃபாஸ்டேக்ல முன்கூட்டியே பணம் இருக்கணும், டிரைவருக்கு பேட்டா குடுக்கணும், மார்க்கெட் வண்டின்னா (அன்னைக்கு வெளிய இருந்து வாடகைக்கு எடுக்கற வண்டி) முக்கால்வாசிக்கு மேல அட்வான்ஸ் போட்டாதான் வண்டி கெளம்பும். ஆனா கஸ்டமர் கிட்ட இருந்து வர்ற பணம்? சரக்கு எறங்கி, பிஓடி (சரக்க வாங்கிக்கிட்டோம்னு கையெழுத்துப் போட்ட சீட்டு) திரும்பி வந்து, பில்லு போட்டு, அது அவங்க சிஸ்டத்துல ஏறி, அதுக்கப்புறம் 60 நாளோ 90 நாளோ கழிச்சுதான் வரும். அதாவது லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி சரக்கை மட்டும் சுமக்கல, கஸ்டமரோட கடனையும் சேத்து சுமக்குது.

கணக்கு போட்டுப் பாக்கலாம். ஒரு கம்பெனிக்கு வருஷ டர்ன்ஓவர் 730 கோடின்னு வெச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 2 கோடி. கஸ்டமர் 75 நாள் கழிச்சுக் குடுக்குறாங்க, அப்போ 150 கோடி வெளிய நிக்குது. இவங்க வண்டிக்காரங்களுக்கும் மத்தவங்களுக்கும் சராசரியா 30 நாள்ல குடுக்குறாங்க, செலவும் கிட்டத்தட்ட அதே 2 கோடின்னு எடுத்தா 60 கோடி. நடுவுல 90 கோடி ரோட்டுலயே கெடக்கு. இப்போ அடுத்த வருஷம் பிசினஸ் 30 சதவீதம் வளருதுன்னா அந்த 90 கோடி 117 கோடி ஆயிடும், கூடுதலா 27 கோடி வேணும். வளர்ந்த டர்ன்ஓவர்ல லாபம் 3 சதவீதம்னு வெச்சாலும், 25 சதவீத வரி போக 21 கோடி அளவுதான். அப்போ நல்லா வளர்ற, லாபமும் பாக்குற கம்பெனிக்கே கையில காசு கொறையுது, பேங்க் கிட்ட போக வேண்டி வருது. இந்த 5 நிமிஷக் கணக்கு புரிஞ்சா, "கம்பெனி நல்லா ஓடுதே, எதுக்கு நம்ம பேலன்ஸ் (வாடகையில மீதி) மட்டும் லேட்டாகுது"ங்கற கேள்விக்குப் பாதி பதில் கெடைச்சுடும். இதே கம்பெனியவே கடைசி வரைக்கும் உதாரணமா வெச்சுக்கலாம்.

இப்போ பேப்பர் எங்க கெடைக்கும்? லிஸ்டட் கம்பெனின்னா என்எஸ்இ, பிஎஸ்இ சைட்ல ஆண்டறிக்கை முழுசா இலவசமா இருக்கு. அதுல கன்சாலிடேட்டடும் (குரூப் முழுசுக்கும் சேத்த கணக்கு) ஸ்டேண்டலோனும் (அந்த ஒரு கம்பெனியோட கணக்கு) ரெண்டுமே பாக்கணும், ஏன்னா உங்களுக்குப் பணம் தர வேண்டியது எந்தக் கம்பெனி பேர்ல பில்லு போடுறீங்களோ அந்தக் கம்பெனிதான், சிங்கப்பூர்ல இருக்குற அதோட சப்சிடியரி (துணைக் கம்பெனி) இல்ல. இன்னொண்ணு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிசல்ட் வந்தாலும் பேலன்ஸ் ஷீட்டும் கேஷ் ஃப்ளோவும் செப்டம்பர், மார்ச் ரெண்டுக்கும்தான் கட்டாயம், ஜூன் டிசம்பர் ரிசல்ட்ல லாபக் கணக்கு மட்டும்தான் இருக்கும். லிஸ்ட் ஆகாத பிரைவேட் லிமிடெட்னா எம்சிஏ (மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சகம்) போர்ட்டல்ல 100 ரூபா கட்டி அவங்க ஃபைல் பண்ணுன பேலன்ஸ் ஷீட்ட எடுக்கலாம், எந்தெந்த பேங்க்ல எவ்வளவு கடனுக்கு சொத்த அடமானம் வெச்சிருக்காங்கங்கற சார்ஜ் லிஸ்ட் ஃப்ரீயாவே பாக்கலாம். இத நான் அழுத்திச் சொல்றேன், லட்சக்கணக்குல கடன் விடுறோம், 100 ரூபா செலவு பண்ண யோசிக்கக் கூடாது.

பேப்பர் கையில வந்ததும் கேஷ் எங்கங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்கணும். ஒரே லைன்ல இருக்காது. கேஷ் அண்ட் கேஷ் ஈக்விவலன்ட்ஸ்ங்கற லைன்ல மூணு மாசத்துக்குள்ள முடியற டெபாசிட் வரைக்கும்தான் வரும். மூணு மாசத்துக்கு மேல, ஒரு வருஷத்துக்குள்ள இருக்குற எஃப்டி எல்லாம் "அதர் பேங்க் பேலன்சஸ்"ல இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலன்னா "அதர் ஃபைனான்ஷியல் அசெட்ஸ்"க்குள்ள போயிடும். லிக்விட் ஃபண்டுல (சீக்கிரமா எடுக்க முடியற மியூச்சுவல் ஃபண்ட்) போட்டிருந்தா இன்வெஸ்ட்மென்ட்ஸ்ல இருக்கும். இது எல்லாத்தையும் கூட்டுனாதான் முழு நம்பர். அந்த 120 கோடி இப்படிக் கூட்டி வந்ததுன்னு வெச்சுக்குங்க.

இப்போதான் முக்கியமான வேலை, கழிக்கறது. ஒவ்வொரு லைனுக்கும் பின்னாடி நோட் நம்பர் இருக்கும், அதப் பொறுமையா படிங்க.

பேங்க் கேரண்டிக்காக மார்ஜின் மணியா (ஈடா) வெச்சிருக்குற எஃப்டி, லீன் போட்ட (பேங்க் பிடிச்சு வெச்ச) டெபாசிட் எல்லாம் கம்பெனி பேர்ல இருந்தாலும் தொட முடியாது. துறைமுகம், கஸ்டம்ஸ், அரசு டெண்டர் வேலை பண்றவங்க எல்லாருக்கும் இது நிச்சயமா இருக்கும். நம்ம உதாரணத்துல அது 30 கோடின்னு வைப்போம்.

அடுத்தது கொரியர், ஈ-காமர்ஸ் டெலிவரி பண்ற கம்பெனிகள்ல ரொம்ப கவனிக்க வேண்டியது: கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி) பணம். வீட்டு வாசல்ல வாங்குற அந்தக் காசு பொருள் வித்தவங்களோடது, சில நாள் இவங்க அக்கவுன்ட்ல தங்கிட்டுப் போகும். அந்தப் பக்கம் கேஷ்ல தெரியும், இந்தப் பக்கம் "அதர் ஃபைனான்ஷியல் லயபிலிட்டீஸ்"ல சிஓடி பாக்கின்னு அதே அளவுக்குக் கடனா தெரியும். ஃபார்வர்டிங், கிளியரிங் கம்பெனிகள்ல இதே மாதிரி இம்போர்ட் பண்றவங்க டியூட்டி கட்டக் குடுத்த அட்வான்ஸ் இருக்கும். அது ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்குப் போக வேண்டிய பணம், அவங்க சொத்து இல்ல. இதுல 35 கோடி கழிங்க.

வெளிநாட்டு சப்சிடியரி அக்கவுன்ட்ல இருக்குறது 15 கோடின்னா அதையும் கழிங்க, அங்க இருந்து இங்க கொண்டு வர வரி, ஒப்பந்தம்னு ஆயிரம் இருக்கு, அடுத்த வாரம் உங்க பில்லுக்கு வராது. மீதி 40 கோடி. 120 கோடிய நாளைக்கு 2 கோடின்னு வகுத்தா 60 நாள் தாங்கும்னு தோணும், நெஜத்துல 20 நாள்தான். பேங்க்ல இன்னும் எடுக்காத லிமிட் 10 கோடி இருந்தா 25 நாள். இந்த நாள் கணக்குதான் எனக்கு எல்லா ரேஷியோவையும் விட முக்கியம், ஏன்னா டீசலையும் டோலையும் சம்பளத்தையும் தள்ளிப் போட முடியாது, தள்ளிப் போட முடியறது வண்டிக்காரங்க பேலன்ஸ் மட்டும்தான்.

காசு எங்க இருந்து வந்துச்சுங்கறதையும் பாக்கணும். டெல்லிவரி கம்பெனி 2022 மே மாசம் 5,235 கோடிக்கு ஐபிஓ வந்துச்சு, அதுல 4,000 கோடி புது ஷேர், அதாவது நேரா கம்பெனிக்குப் போற பணம். அப்போ அடுத்த வருஷங்கள்ல அவங்க பேலன்ஸ் ஷீட்ல பெரிய தொகை தெரிஞ்சா அது பார்சல் ஓட்டி சம்பாதிச்சதா, ஷேர் வித்து வந்ததான்னு பிரிச்சுப் பாக்கணும். ஷேர் வித்து வந்த காசு தப்பில்ல, அந்தக் காசு இருந்ததாலதான் 2025 ஏப்ரல்ல ஈகாம் எக்ஸ்பிரஸ வாங்குறோம், சுமார் 1,400 கோடி வரைக்கும் போகும்னு அவங்களால அறிவிக்க முடிஞ்சுது. ஆனா அது ஒரு தடவை வர்ற காசு. நம்ம ஊர் டிவிஎஸ் சப்ளை செயின் சொல்யூஷன்ஸ் 2023 ஆகஸ்ட்ல வந்தப்ப புது ஷேர் 600 கோடி, அதுல பெரும்பகுதி கடன அடைக்கறதுக்குன்னே வாங்குனது. ரெண்டும் ஐபிஓதான், ஆனா ஒண்ணுல கேஷ் ஏறும், இன்னொண்ணுல கடன் எறங்கும். கேஷ் லைன மட்டும் பாக்குறவருக்கு ரெண்டாவது கம்பெனிக்கு நடந்த நல்லது கண்ணுக்கே தெரியாது.

மார்ச் 31 விஷயத்தையும் சொல்லியே ஆகணும். பேலன்ஸ் ஷீட்ங்கறது அந்த ஒரு நாள் ராத்திரியோட நெலவரம். மார்ச் கடைசி ரெண்டு வாரம் கஸ்டமர் கிட்ட விரட்டி விரட்டி வசூல் பண்ணி, வெண்டர் பேமென்ட் எல்லாத்தையும் ஏப்ரல் மொத வாரத்துக்குத் தள்ளிட்டா கேஷ் கொழுகொழுன்னு தெரியும். இத வெளிய இருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. லாபக் கணக்குல அதர் இன்கம் நோட்டுல டெபாசிட் வட்டி எவ்வளவுன்னு பாருங்க. வருஷம் பூரா 120 கோடி எஃப்டியிலயோ லிக்விட் ஃபண்டுலயோ இருந்திருந்தா 6, 7 சதவீதம்னு வெச்சாலும் 7 கோடிக்கு மேல வருமானம் வந்திருக்கணும். 2 கோடிதான் வந்திருக்குன்னா சராசரியா 30 கோடி அளவுக்குத்தான் இருந்திருக்கு, இல்லன்னா மீதி வட்டியே இல்லாத கரன்ட் அக்கவுன்ட்ல கெடந்திருக்கு, அப்படிக் கெடந்தா அது சிஓடி மாதிரி ஓடுற காசாத்தான் இருக்கும். கடன் பக்கமும் இதே மாதிரிதான், மார்ச் 31ல கடன் 100 கோடி, ஆனா லீஸ் வட்டிய (அது என்னன்னு அடுத்த பத்தியில சொல்றேன்) நீக்குன பிறகும் வருஷ வட்டிச் செலவு 18 கோடின்னா, ஒண்ணு 18 சதவீத வட்டிக்கு வாங்குறாங்க, இல்ல வருஷம் நடுவுல கடன் இத விட நெறைய இருந்திருக்கு. ரெண்டுமே நல்ல சேதி இல்ல.

அடுத்து கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட். இதுல லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகள்ல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, படிச்சவங்களே விழறாங்க. 2019 ஏப்ரல் 1ல இருந்து இன்ட் ஏஎஸ் 116னு ஒரு கணக்கு விதி வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடோனுக்குக் கட்டுற வாடகை சாதாரண செலவு, அத கழிச்சுட்டுத்தான் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கறதுக்கு முன்னாடி இருக்குற லாபம்) வரும். இப்போ நீண்ட கால வாடகை ஒப்பந்தம் எல்லாம் கடன் மாதிரி பேலன்ஸ் ஷீட்ல ஏறிடும், வாடகை தேய்மானமாவும் வட்டியாவும் மாறிடும், கேஷ் ஃப்ளோவுல அந்த வாடகை ஃபைனான்சிங் பகுதிக்குப் போயிடும். அதனால எபிட்டாவும் பெருசாத் தெரியும், ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோவும் பெருசாத் தெரியும். குடோன் ஓனருக்கு மாசா மாசம் செக்கு போகத்தான் செய்யுது. அதனால ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ 50 கோடின்னு போட்டிருந்தா, கீழ ஃபைனான்சிங்ல லீஸுக்குக் கட்டுனது அசலும் வட்டியும் சேத்து 24 கோடி இருந்தா கழிங்க, 26. வண்டி லோனுக்குக் கட்டுன டியூ 15 கோடியையும் கழிங்க, 11. அந்த 11 கோடிதான் நெஜமா சம்பாதிச்ச காசு. ஒரு வருஷத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு நாலு வருஷம் வரிசையா எழுதுங்க, லாபம் ஏறிட்டே இருந்து இந்த நம்பர் மட்டும் எறங்கிட்டே வந்தா அங்கயே நில்லுங்க.

லாபம் இருந்தும் காசு வரலன்னா எங்க மாட்டியிருக்குன்னு தேடணும். மொதல் எடம் டிரேட் ரிசீவபிள்ஸ், அதாவது கஸ்டமர் கிட்ட இருந்து வர வேண்டிய பாக்கி. 2021-22ல இருந்து எல்லா கம்பெனியும் வரவேண்டிய பாக்கிய வயசு வாரியா பட்டியல் போடணும்னு விதி இருக்கு, 6 மாசத்துக்குள்ள, 6 மாசத்துல இருந்து 1 வருஷம், 1-2, 2-3, 3 வருஷத்துக்கு மேலன்னு. இதுல கவனிங்க, இந்த வயசு பில்லு தேதியில இருந்து இல்ல, பணம் குடுக்க வேண்டிய கெடு தேதியில இருந்து. 90 நாள் கெடு குடுத்த பில்லுன்னா 6 மாசம்னு காட்டுறது நெஜத்துல 9 மாசம். ரெண்டாவது அன்பில்டு ரெவன்யூ, அதாவது சரக்கு எறக்கியாச்சு, வருமானமா கணக்குல எழுதியாச்சு, ஆனா பில்லு இன்னும் போகல. பிஓடி வரல, கஸ்டமர் ஷார்ட்டேஜ் டேமேஜ்னு தகராறு பண்றாங்க, ஹால்டிங் சார்ஜ (வண்டி காத்துக் கெடந்ததுக்கான காசு) ஒத்துக்கல, எல்லாம் இங்கதான் தூங்கும். டர்ன்ஓவரை விட வேகமா இந்த லைன் வளர்ந்தா எனக்கு உடனே சந்தேகம் வரும்.

மூணாவது எடம் யாரும் பேசாத எடம், டிடிஎஸ், அதாவது பில்லு பணத்துல முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி. கான்ட்ராக்ட் பில்லுக்கு கஸ்டமர் 2 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் கம்பெனிக்குக் குடுப்பாங்க. நம்ம உதாரணத்துல 730 கோடிக்கு 2 சதவீதம்னா 14.6 கோடி. ஆனா லாபமே 22 கோடிதான், அதுக்கு 25 சதவீத வரின்னா அஞ்சரைக் கோடி. மீதி 9 கோடி ரீஃபண்டா வர்ற வரைக்கும் வருமான வரித் துறை கிட்ட நிக்கும். லாபம் கொறச்சலா இருக்குற தொழில்ல இது சின்ன விஷயம் இல்ல. நான் கரன்ட் டாக்ஸ் அசெட்ஸ் லைன பாக்காம எந்த டிரான்ஸ்போர்ட் கணக்கையும் மூடறது இல்ல. விவரமான கம்பெனி கொறஞ்ச வரி பிடிக்கச் சொல்லி சர்டிஃபிகேட் வாங்கி வெச்சிருக்கும். (உங்ககிட்ட 10 வண்டியோ அதுக்குக் கீழயோ இருந்தா பேன் நம்பரோட டிக்ளரேஷன் குடுத்தா உங்களுக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்ல, இதக் கூட செய்யாம டிடிஎஸ் பிடிக்க விட்டுட்டு வருஷக் கடைசியில அலையறவங்க இருக்காங்க.)

அடுத்தது கம்பெனி குடுக்க வேண்டிய பக்கம். டிரேட் பேயபிள்ஸ்ல மைக்ரோ, ஸ்மால் நிறுவனங்களுக்கு பாக்கின்னு தனி லைன் இருக்கும், அதுக்கும் வயசுப் பட்டியல் இருக்கும். நீங்க உத்யம்ல (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா அந்த லைன்ல நீங்களும் இருக்கீங்க. சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள், மீறுனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு கூட்டு வட்டி. அதோட 2023-24 நிதியாண்டுல இருந்து (அசெஸ்மென்ட் இயர் 2024-25), கெடு தாண்டி பாக்கி வெச்சா அந்தச் செலவ அந்த வருஷம் வரிக்குக் கழிக்கவும் முடியாது. இவ்வளவு இருந்தும் ஒரு கம்பெனி அந்த லைன்ல ஒரு வருஷம் தாண்டின பாக்கி காட்டுதுன்னா, அவங்களுக்கு மனசு இல்லையோ காசு இல்லையோ, ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. உத்யம் ரிஜிஸ்டர் பண்ணாதவங்க இன்னைக்கே பண்ணுங்க, காசு கெடையாது.

இதெல்லாம் நம்பர். நம்பருக்கு மேல மூணாவது மனுஷன் சொல்றதையும் கேக்கணும். ரெண்டு பேர் இருக்காங்க, ஒண்ணு ஆடிட்டர், இன்னொண்ணு ரேட்டிங் ஏஜென்சி.

ஆடிட்டர் அறிக்கையோட கடைசியில காரோ 2020னு ஒரு இணைப்பு இருக்கும், சின்ன பிரைவேட் கம்பெனிகளத் தவிர பெரும்பாலும் இருக்கும். அதுல பிஎஃப், ஜிஎஸ்டி ஒழுங்கா கட்டுறாங்களா, பேங்க் கடன் தவணை தவறுனாங்களா, பேங்குக்குக் குடுத்த மூணு மாசக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப் போகுதா, குறுகிய காலக் கடன எடுத்து நீண்ட கால வேலைக்குப் போட்டாங்களா, கேஷ் லாஸ் இருக்கா, ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டியத கட்ட முடியுமான்னு ஒவ்வொரு கேள்விக்கும் ஆடிட்டர் பதில் எழுதியே ஆகணும். ரெண்டு மூணு பக்கம்தான். முன்னாடி இருக்குற கலர் போட்டோ, சேர்மன் கடிதம் எல்லாத்தையும் தாண்டி நேரா அங்க போங்க.

ரேட்டிங்குக்கு கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் சைட்ல கம்பெனி பேர போட்டாப் போதும், அறிக்கை இலவசம். செபி (பங்குச் சந்தையக் கட்டுப்படுத்தற அமைப்பு) சொன்னதுக்கப்புறம் லிக்விடிட்டின்னு தனிப் பகுதி எழுதறாங்க, ஸ்ட்ராங், அடிக்வேட், ஸ்ட்ரெச்டு, புவர்னு ஒரு வார்த்தையில சொல்லிடுவாங்க. அதுக்குள்ள பேங்க் லிமிட்ட சராசரியா எத்தனை சதவீதம் உபயோகிக்கறாங்கன்னு இருக்கும். 60, 70னா மூச்சு விட எடம் இருக்கு. 95 தாண்டி ஓடுதுன்னா ஒரு கஸ்டமர் ஒரு வாரம் தள்ளிக் குடுத்தாக்கூட உங்க பேலன்ஸ் நின்னுடும். "இஷ்யூவர் நாட் கோஆப்பரேட்டிங்"னு போட்டிருந்தா, கம்பெனி ரேட்டிங் ஏஜென்சிக்கு விவரமே குடுக்கலன்னு அர்த்தம், நான் அந்த எடத்துல மேல படிக்க மாட்டேன்.

குரூப் கம்பெனியப் பத்தியும் பாக்கணும், இதுக்கு நம்ம சென்னையிலேயே பாடம் இருக்கு. சிகால் லாஜிஸ்டிக்ஸ், 1955ல ஆரம்பிச்ச பழைய கம்பெனி, துறைமுக வேலைன்னா மொதல்ல வர்ற பேருகள்ல ஒண்ணு. 2011ல காஃபி டே குரூப் கைக்குப் போச்சு. 2019 ஜூலையில அந்த குரூப் பெரிய நெருக்கடியில மாட்டுச்சு, 2021 மார்ச்ல சிகால் மேல சென்னை என்சிஎல்டியில (கம்பெனி வழக்குத் தீர்ப்பாயம்) திவால் நடவடிக்கை ஆரம்பிச்சுது, அப்புறம்தான் பிரிஸ்டின் குரூப் எடுத்து நடத்துது. பேரும் வயசும் சொத்தும் இருந்தும் கையில காசு இல்லன்னா இதுதான் நெலமை. அதனால ரிலேட்டட் பார்ட்டி நோட்டுல குரூப் கம்பெனிகளுக்கு எவ்வளவு கடன் குடுத்திருக்காங்க, யாருக்கு கேரண்டி போட்டிருக்காங்க, புரமோட்டர் ஷேர் எவ்வளவு அடமானத்துல இருக்குன்னு கட்டாயம் பாருங்க.

வெளிநாட்டுலயும் இதேதான். ஹான்ஜின் ஷிப்பிங், உலகத்துல ஏழாவது பெரிய கன்டெய்னர் லைன், கொரியா கம்பெனி. 2016 ஆகஸ்ட் கடைசியில கோர்ட்டுக்குப் போனதும் துறைமுகத்துல கூலி யார் குடுப்பாங்கன்னு தெரியாம அதோட கப்பல்கள் சரக்கோட கடல்லயே நின்னுச்சு. கப்பல் இருந்துச்சு, சரக்கு இருந்துச்சு, கஸ்டமர் இருந்தாங்க, அன்னன்னைக்குக் குடுக்க வேண்டிய காசு இல்ல.

அப்படி ஒரு கம்பெனி விழுந்தா வண்டிக்காரங்க கதி என்னன்னு தெளிவா தெரிஞ்சுக்கணும். நீங்க ஆபரேஷனல் கிரெடிட்டர், அதாவது வேலை செஞ்சதுக்குப் பாக்கி வர வேண்டியவர். அடமானம் வாங்குன பேங்க் எல்லாம் உங்களுக்கு முன்னாடி நிப்பாங்க. அது மட்டும் இல்ல, 2020 மார்ச்ல இருந்து திவால் மனு போடவே 1 கோடி பாக்கி இருக்கணும். ஆறு லட்சம், எட்டு லட்சம் பாக்கின்னு நிக்கறவரால அந்தக் கதவத் தட்டவே முடியாது. அதனாலதான் கடன் விடுறதுக்கு முன்னாடியே பாருங்கன்னு இவ்வளவு சொல்றேன், பின்னாடி பாக்குறதுல ஒரு பலனும் இல்ல.

ஆண்டறிக்கை எல்லாம் ஆறு மாசப் பழசு. இன்னைக்கு நெலமை தெரியணும்னா ரெண்டு சைட் இருக்கு. ஜிஎஸ்டி போர்ட்டல்ல கம்பெனியோட நம்பர போட்டு ஃபைலிங் டேபிள் பாத்தா 3பி (வரி கட்டிப் போடுற ஜிஎஸ்டி கணக்கு) எந்தத் தேதியில போட்டாங்கன்னு மாசா மாசம் வரும். வரி கட்டாம 3பி போட முடியாது, அதனால தொடர்ந்து லேட்டாகுதுன்னா கையில காசு இல்லன்னு பெரும்பாலும் எடுத்துக்கலாம். இபிஎஃப்ஓ சைட்ல எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்னு இருக்கு, அங்க கம்பெனி பேர போட்டா எந்த மாசம் எத்தனை பேருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டுனாங்கன்னு தெரியும். ஆள் எண்ணிக்கை மாசா மாசம் கொறையுதா, பணம் கட்டுற தேதி 15 தாண்டி நழுவுதா, இது எந்த பேலன்ஸ் ஷீட்டும் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடும்.

அப்புறம் ரோட்டுல கெடைக்கற சேதி. மணலி பக்கம் டிரெய்லர் யார்டுல, மாதவரம் டெர்மினல்ல அரை மணி நேரம் நின்னு டீ குடிச்சாலே தெரிஞ்சுடும். டீசல் கார்டு திடீர்னு வேலை செய்யல, அட்வான்ஸ் சதவீதம் கொறைஞ்சுது, பிஓடி குடுத்தும் "ஒரிஜினல் வரல"ன்னு திருப்பி விடுறாங்க, பேமென்ட் பாக்குற ஆள் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாறுறாங்க, மார்க்கெட் ரேட்ட விட கூடக் குடுத்து வண்டி எடுக்கறாங்க ஆனா கிரெடிட் நாள் ஜாஸ்தி. இந்தக் கடைசி ஒண்ண ரொம்ப கவனிங்க, கூட வாடகை குடுக்குறாங்கன்னு சந்தோஷப்படுறோம், உண்மையில நம்மகிட்ட வட்டிக்கு வாங்குறாங்க. ஆனா ஒரே ஒரு வாரம் லேட்டாச்சுன்னு கம்பெனியே போச்சுன்னு பேசறதும் தப்பு, 2023 டிசம்பர் மிச்சாங் மாதிரி மழை வந்தா ஊரே நின்னுடும், நல்ல கம்பெனிக்கும் வசூல் தள்ளித்தான் போகும். ரோட்டுச் சேதியும் பேப்பரும் ஒரே பக்கம் காட்டுனா மட்டும் முடிவு எடுங்க.

சரி, பாத்தாச்சு, கம்பெனி நடுத்தரமா இருக்கு, என்ன பண்றது? என் கணக்குல சுத்தமான கேஷ் 15 நாளுக்குக் கீழ, பேங்க் லிமிட்டும் நெறஞ்சிருக்குன்னா முழு அட்வான்ஸ் இல்லாம வண்டி விடாதீங்க. 20, 30 நாள் அளவுன்னா விடலாம், ஆனா மொத்த பாக்கி எந்த நேரத்துலயும் உங்களோட ரெண்டு மாச வண்டி டியூவத் தாண்டக் கூடாதுன்னு ஒரு கோடு போட்டுக்குங்க, தாண்டுனா அடுத்த லோடு வேற கம்பெனிக்கு. 45 நாளுக்கு மேல, கடனும் கொறச்சல்னா தைரியமா கிரெடிட் குடுங்க, அந்த மாதிரி கம்பெனி கிட்ட வாடகை கொஞ்சம் கொறச்சுப் பேசுனாக்கூட நஷ்டம் இல்ல.

இன்னொரு வழியும் இருக்கு, அவ்வளவா யாரும் உபயோகிக்கறதில்ல. ட்ரெட்ஸ்னு ரிசர்வ் பேங்க் அனுமதியோட நடக்குற தளங்கள், ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் மாதிரி. 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்குற கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள்ள இதுல சேரணும்னு விதி வந்துடுச்சு. உங்க பில்ல அங்க ஏத்தி, கம்பெனி ஒத்துக்கிட்டா, ஒரு பேங்க் வட்டி கழிச்சுட்டு உடனே பணம் குடுத்துடும், அப்புறம் கம்பெனி பேங்குக்குக் கட்டலன்னாலும் உங்ககிட்ட திருப்பிக் கேக்க மாட்டாங்க. அதனால அட்டாச்மென்ட் பேசும்போதே அக்கவுன்ட்ஸ்ல நேரா கேளுங்க, "நீங்க ட்ரெட்ஸ்ல இருக்கீங்களா, என் பில்ல எத்தனை நாள்ல அக்செப்ட் பண்ணுவீங்க?" பேங்க் அந்த பில்லுக்கு எவ்வளவு வட்டி போடுதுன்னும் பாருங்க, அந்தக் கம்பெனியோட நெலமையப் பத்தி பேங்க் என்ன நெனைக்குதுங்கறது அந்த வட்டி சதவீதத்துலயே இருக்கு. அக்செப்ட் பண்ணவே மாட்டேங்கறாங்கன்னா வண்டிய அட்டாச் பண்றதுக்கு முன்னாடி அட்வான்ஸ் சதவீதத்த ஏத்திப் பேசுங்க.